ஐஞ்சு ரோடு பக்கம் மெடிக்கல் ஷாப்: மனநல மாத்திரைக்கு நம்பி போலாம் (4 ஸ்டார்)

எங்கண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவுன்னு சொல்வாங்கல்ல அதான், க்ளோசபின் ஓடுது. இந்த மாத்திரைய சேலத்துல எல்லா கடையிலயும் வெச்சிருக்க மாட்டாங்க, ஆர்டர் போட்டிருக்கு நாளைக்கு வாங்க, நாளன்னைக்கு வாங்கன்னு இழுப்பாங்க. இழுக்கற மாத்திரை இல்லைங்க இது, ரெண்டு நாளைக்கு மேல விட்டுப்போச்சுன்னா பழைய டோஸ அப்படியே போடக்கூடாது, டாக்டர்கிட்ட போய் திரும்ப 12.5 மில்லிகிராம்ல இருந்து ஏத்திட்டு வரணும், அதுக்குள்ள மனுசன் தூக்கம் கெட்டு பழையபடி காதுல இல்லாத குரல் கேக்க ஆரம்பிச்சிடும். இங்க ஸ்டாக் இருக்கும், போன் பண்ணி சொன்னா எடுத்து வெச்சிடுவாங்க, ஏற்காட்டுல இருந்து எறங்கி வந்து வாங்கறவங்களக் கூட பாத்திருக்கேன்.

கவுன்டர்ல இருக்கற அக்கா சீட்ட வாங்குனதும் "ரத்த டெஸ்ட் பாத்தாச்சுங்களா"ன்னுதான் கேப்பாங்க. சில பேருக்கு இந்த மருந்துல ரத்தத்துல நோய எதிர்க்கற வெள்ளையணு கொறைஞ்சிடும், அதுக்காகத்தான் மொத 18 வாரம் வாராவாரம் டெஸ்ட், அப்புறம் இடைவெளி விட்டு. காய்ச்சல், தொண்டை வலின்னு போய் சும்மா ஒரு டோலோ கேட்டா "மொதல்ல கவுன்ட் பாருங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க, அப்ப கடுப்பாத்தான் இருக்கும், ஆனா அதான் சரி. மோஷன் ஒழுங்கா போகுதான்னும் மெதுவா கேப்பாங்க, க்ளோசபின்ல மலச்சிக்கல் முத்துனா உசுருக்கே ஆபத்துங்கறது நெறைய வீட்டுல தெரியாது. பீடி, சிகரெட்ட திடீர்னு விட்டா ரத்தத்துல மருந்தளவு ஏறிடும், விடறதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடச் சொல்லுங்கன்னு சொன்னதும் இவங்கதான்.

எனக்குப் புடிச்சது இதெல்லாம் கூட இல்ல. வேற ஒரு கடைல பையன் ஒருத்தன் கூட்டத்துக்கு நடுவுல "மென்ட்டல் மாத்திரையாண்ணா"ன்னு கத்துனான், அதுல இருந்து அண்ணன் எந்த மெடிக்கல் படியும் ஏற மாட்டேன்னுட்டாரு. இங்க இப்ப அவரே போறாரு. ஒருநாள் மாத்திரைல ஏதோ கலந்திருக்குன்னு கவுன்டர்லயே நின்னுட்டாரு, பின்னாடி கியூ வேற. அக்கா ஆமான்னும் சொல்லல, அதெல்லாம் இல்லன்னு சண்டைக்கும் போகல, "அப்படித் தோணுச்சுன்னா பயமாத்தான் இருக்கும் தம்பி, சீல் ஒடைக்காத பாக்ஸே எடுத்துக் காட்டறேன், நீங்களே பிரிங்க"ன்னாங்க. அவரு பிரிச்சு, அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஜோப்புல போட்டுட்டு வந்தாரு. எங்க வீட்ல நாங்கல்லாம் கத்தி சாதிக்காததுங்க அது.

டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன் இருக்குல்ல, அந்த 14416 நம்பர் ஸ்டிக்கர் கல்லாப்பெட்டி மேல ஒட்டியிருக்கு, இலவசம், ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

ஒரு ஸ்டார் கொறைச்சது ஏன்னா ஞாயித்துக்கிழமை லீவு, வண்டி நிறுத்த எடமே கெடையாது, அக்கா இல்லாத நேரம் இருக்கற பையன் கேக்காமயே வேற கம்பெனி மாத்திரைய எடுத்துக் குடுத்துடறான், மருந்து அதேதான்னாலும் கலர் மாறுனா எங்கண்ணன் தொடக்கூட மாட்டாரு. சாயங்காலம் 6 மணிக்கு மேல போங்க, அப்ப அக்கா இருப்பாங்க.