குளிரிலும் ஓடும் படகு: எஞ்சினை மூடி வைப்பதா, ஹீட்டர் போடுவதா?

வருஷம் முழுக்கப் படகை எடுப்பவர்களுக்கு உறைபனி வந்தால் இதே குழப்பம்தான். மூடி வைப்பது என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடித்து, எளிதில் உறையாத திரவமான ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வைப்பது. ஹீட்டர் என்றால், எஞ்சின் அறையைச் சூடாகவே வைத்திருப்பது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழ ஒரே இரவு போதும்.

செலவு: மூடி வைத்தால் ஆன்டிஃப்ரீஸும், எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் வாங்கும் செலவுதான். ஹீட்டருக்குக் குளிர் முடியும்வரை கரண்ட் பில்.

நம்பகம்: முழுசாக வடித்துவிட்ட எஞ்சினில் உறைய எதுவும் இல்லை. ஹீட்டரோ, கரண்ட் போனால் வெறும் பெட்டி. பெட்ரோல் எஞ்சின் அறையில் வீட்டு ஹீட்டரை வைக்கவே வைக்காதீர்கள். ஒரு பொறி பட்டால் பெட்ரோல் ஆவி வெடித்துவிடும். தீப்பொறி தடுப்புள்ள படகு ஹீட்டர்தான் வேண்டும்.

வசதி: இதில் ஹீட்டர்தான். நினைத்த நேரத்தில் கிளம்பலாம்.

அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார், வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளித்தண்ணீரை நேராக இழுத்துக் குளிரும் இன்போர்டு (படகுக்குள் பொருத்திய எஞ்சின்), மாதம் ஒருமுறைதான் பயணம் என்றால், ஒவ்வொரு முறையும் வடித்து வைப்பதே என் தேர்வு. வாராவாரம் போகிறவர், கரண்ட் நிற்காத படகுத்துறை என்றால் ஹீட்டர் போடலாம். கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் அவரும் வடித்துவிடட்டும்.