தனியார் தெரபிஸ்ட்டிடம் போகும்போது: முதல் போனிலிருந்து ஆறாவது மாதம் வரை

கவுன்சலிங் போகிறவர்களில் நிறையப் பேர் மூன்றாவது, நாலாவது செஷனோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால், "நான்தான் பேசிட்டே இருந்தேன், அவங்க ஒண்ணுமே சொல்லல" என்பார்கள். இந்தக் குறையை அந்தத் தெரபிஸ்ட்டிடமே சொன்னீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். டாக்டரை எதிர்த்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று பழகிய நமக்கு இது பெரிய தடங்கல். இங்கே மருந்து என்று இருப்பதே பேச்சுதான். மனதுக்குப் பிடிக்காததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்காது. கீழே வருவதை இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் குழப்பம் பெயர்ப்பலகையிலேயே ஆரம்பிக்கிறது. சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், எம்.ஃபில். போன்ற இரண்டு வருடப் பயிற்சியை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கவுன்சலர், லைஃப் கோச், ஹீலர் என்ற பெயர்களுக்கு இவ்வளவு கறாரான சோதனை கிடையாது. எம்.எஸ்சி. சைக்காலஜியோ, எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்போ முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வருடக்கணக்காக வேலை பார்க்கும் அருமையான கவுன்சலர்கள் இருக்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: "நீங்க யார்கிட்டயாவது சூப்பர்விஷன் எடுக்குறீங்களா?" ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

செஷன் புக் செய்வதற்கு முன்னால் பத்து நிமிடமாவது போனில் பேசக் கேளுங்கள். பலர் இதற்குக் காசு வாங்குவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். "ஆறு மாசமா தூக்கம் இல்ல, ஆபீஸ் போகவே பயமா இருக்கு" என்கிற அளவு போதும். பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை: இந்த மாதிரிப் பிரச்சினையை அடிக்கடிப் பார்ப்பாரா, எந்த முறையில் வேலை செய்வார், ஒரு செஷன் எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் போகுமா. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்றால் முழுக்கட்டணம் வாங்குவது பரவலான வழக்கம். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாமல் பிறகு மனக்கசப்பில் முடிவது ரொம்பச் சகஜம்.

கணக்கையும் அப்போதே போட்டுவிடுங்கள். செஷனுக்கு 1,500 ரூபாய், வாரம் ஒருமுறை என்றால் மாதம் 6,000. பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு சி.பி.டி., அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் பேச்சு சிகிச்சை முறையில் 12 முதல் 20 செஷன் வரை போவது வழக்கம். ஆக 18,000 முதல் 30,000 ரூபாய். கையில் நாலு செஷனுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு. பணம் நாலு செஷனுக்குத்தான் என்று தெரிந்தால் அதற்கேற்ற வேலையை எடுத்துக்கொள்வார். தெரியாவிட்டால் இருபது செஷனுக்குத் திட்டமிட்டு, பாதியில் திறந்த காயத்தோடு நீங்கள் நிற்பீர்கள். மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போக வேண்டாம்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். கம்பெனியில் ஊழியர்களுக்கான இலவச கவுன்சலிங் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செஷன் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தொடங்க அது போதும்.

முதல் செஷனில் பெரிதாக ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள். பாதி நேரம் விவரம் சேகரிப்பிலேயே போகும். வீட்டில் யார் யார், தூக்கம், சாப்பாடு, குடி, பழைய சிகிச்சை, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், அவசரத்துக்கு யாருடைய எண். தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனை செய்தீர்களா என்று கேட்பவர் விவரமானவர். சோர்வும் படபடப்பும் அங்கிருந்தும் வரும். "சாகலாம்னு தோணியிருக்கா?" என்று நேரடியாகக் கேட்பார். அதிர்ச்சியடைய வேண்டாம். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், உண்மையைச் சொல்லுங்கள்.

ரகசியம் பற்றி அவரே பேச்செடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். ரகசியம் காக்கப்படுவதை அதே 2017 சட்டம் சிகிச்சை பெறுபவரின் உரிமையாகச் சொல்கிறது. விலக்குகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், 18 வயதுக்குட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாவது தெரிந்தால். கடைசியாகச் சொன்னதை போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டாவது வாரம் அம்மாவோ கணவரோ தெரபிஸ்ட்டுக்கு போன் போட்டு, "என்ன மேடம் சொல்றா, எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்பார்கள். பணம் கட்டுபவர் அவர்களாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை முதல் செஷனிலேயே தெரபிஸ்ட்டோடு முடிவு செய்துவிடுங்கள்.

பலரும் "ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றுதான் தொடங்குவார்கள். நல்ல தெரபிஸ்ட் அந்த 'ஒரு மாதிரி'யைப் பிடித்துக்கொள்வார். உடம்பில் எங்கே? "நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி." கடைசியாக எப்போது? "நேத்து சாயங்காலம், ஆபீஸ் லிஃப்ட்ல." லிஃப்ட்டுக்கு முன்னால் என்ன நடந்தது? "மேனேஜர் 'நாளைக்குப் பேசணும்'னு மெசேஜ் போட்டாரு." வாழ்க்கையே சரியில்லை என்று ஆரம்பித்த பேச்சு ஐந்து நிமிடத்தில் ஒரு மெசேஜில் வந்து நிற்கிறது. வேலை செய்ய முடிகிற அளவு அதுதான். இதைத் தாளில் எழுதச் சொல்வார்கள்: நடந்தது, மனதில் ஓடியது ("வேலை போச்சு"), எவ்வளவு நம்பினேன் (நூற்றுக்கு 90), அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம், இப்போது எவ்வளவு நம்புகிறேன் (40). பூஜ்ஜியத்துக்கு வர வேண்டியதில்லை. 40-க்கு வந்தாலே அன்று இரவு தூக்கம் வரும். செஷனுக்கு முந்தின ராத்திரி ஏழு நாள் தாளையும் மொத்தமாக நிரப்பினால் பயன் இல்லை. நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதியதுதான் உதவும். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதுங்கள். கோபத்தையும் அவமானத்தையும் வீட்டில் பேசுகிற மொழியில் எழுதும்போதுதான் உண்மை வெளியே வருகிறது.

இரண்டாவது செஷனிலிருந்து நாலாவது வரை பலருக்கு முன்பைவிட மோசமாக இருக்கும். மூடி வைத்ததைக் கிளறியதால் வருகிற வலி அது. செஷன் முடிந்த உடனே ஆபீஸ் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரமாவது விட்டுவிட்டுப் போங்கள். ஆனால் வலி வாராவாரம் ஏறிக்கொண்டே போனால், சமைக்க, குளிக்க முடியாத அளவு போனால், வேகம் அதிகம் என்று அர்த்தம். அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம்: 45 நிமிடம் சில்லறை விஷயங்களைப் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது முக்கியமானதைச் சொல்வது. "அப்புறம்... சின்ன வயசுல மாமா வீட்டுல ஒண்ணு நடந்துச்சு" என்று கதவருகே நின்று சொல்வார்கள். தெரபிஸ்ட்டுக்கு அடுத்தவர் காத்திருப்பார். சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

முன்னேற்றத்தை உணர்வை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது. நல்ல வாரத்தில் எல்லாம் சரியானது போலவும், கெட்ட வாரத்தில் எதுவுமே மாறாதது போலவும் தோன்றும். பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் கடந்த இரண்டு வார மனச்சோர்வை 0 முதல் 27 வரை அளக்கும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. முதல் செஷனில் ஒன்று, பிறகு நாலு வாரத்துக்கு ஒன்று என்று நிரப்பி வையுங்கள். எட்டாவது செஷனிலும் எண் அசையவில்லை என்றால் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, "இது ஏன் இறங்கல, என்ன மாத்தலாம்?" என்று கேளுங்கள். முறையை மாற்றலாம், சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அனுப்பலாம். அனுப்பினால் கை கழுவிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக 2 முதல் 6 வாரம் ஆகும். கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம்.

ஆன்லைன் செஷன் பற்றிச் சுருக்கமாக: ஒரே ஹாலில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது நடக்காது. மொட்டை மாடி, நிறுத்திய கார், ஹெட்போன், இவை மூன்றில் ஒன்றாவது வேண்டும்.

எப்போது எழுந்து வந்துவிட வேண்டும்? "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்றால். ஜாதகம், பரிகாரம் என்று போனால். இன்னொரு கிளையண்ட் கதையை அடையாளம் தெரியும்படி சொன்னால். தன் சொந்தப் பிரச்சினையைப் பேசியே உங்கள் நேரத்தை எடுத்தால். தொட்டுப் பேசினால், வெளியே சந்திக்கக் கூப்பிட்டால். ஓரின ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்றால் அது சிகிச்சையே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அப்படிப்பட்ட முயற்சிகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. இந்த மாதிரி எதுவும் இல்லை, ஆனாலும் மனம் ஒட்டவில்லை என்றால் நாலு செஷன் கொடுத்துப் பாருங்கள். பிறகு சொல்லிவிட்டு மாறுங்கள். வேறு பெயர் ஒன்றை அவரிடமே கேட்கலாம், நல்லவர் தருவார்.

தனியார் தெரபிஸ்ட் நடு ராத்திரியில் போன் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 14416. மத்திய அரசின் டெலிமானஸ் எண், 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் உண்டு. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. கட்டணம் தாங்கவே முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் புறநோயாளி பிரிவு. கூட்டம் இருக்கும், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு; ஆனாலும் மருத்துவரும் மருந்தும் அங்கே கிடைக்கும்.

ஆறாவது மாதம் வாக்கில் பேச விஷயமில்லாத செஷன்கள் வரத் தொடங்கும். நல்ல அறிகுறி அது. போகாமல் நின்றுவிடாதீர்கள், இடைவெளியைக் கூட்டுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கடைசி செஷனில் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது என்பதற்கு முதல் மூன்று அடையாளங்கள் (மூன்று நாள் தூக்கம் போவது, அம்மா போனை எடுக்காமல் விடுவது, ஞாயிறு மாலை வயிறு பிசைவது), அப்போது செய்ய வேண்டிய இரண்டு விஷயங்கள், எத்தனை நாளில் சரியாகவில்லை என்றால் திரும்ப போன் செய்ய வேண்டும் என்ற கணக்கு. அந்தத் தாள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும்.