ஐந்து குளிர்காலம் பார்த்த ஸ்லீப்பிங் பேக்

காரைக்குடி வெயிலுக்கு ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுக்கும் கனத்த பை, எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கொடைக்கானல் மேல்மலையில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் தை மாதக் குளிர் நம் ஊர்ப் போர்வைக்கு அடங்காது.

முதலில் வாங்கியதன் உறையில் 'மைனஸ் 8' என்று பெரிதாகப் போட்டிருந்தது. மன்னவனூரில் அன்று விடிகாலை என் தெர்மாமீட்டர் காட்டியது 4 டிகிரிதான். இருந்தும் மனைவி இரண்டு மணிக்கே நடுங்கி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஊர் திரும்பியதும் உள்ளே தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டைப் படித்தேன். கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 8. ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவின்படி, கம்ஃபர்ட் என்பது ஒரு பெண் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட், ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் உயிர் தப்புவதற்கான கணக்கு, தூக்கத்துக்கானது இல்லை. கடைக்காரர் எந்த எண்ணைச் சொன்னாலும் சரி, நீங்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் கேளுங்கள். போகிற இடத்துக் குளிரைவிட அது நாலைந்து டிகிரி கீழே இருக்கட்டும்.

அடுத்து கம்ஃபர்ட் 0 உள்ள, தலைமூடி வைத்து, கால்பக்கம் குறுகி உடலோடு ஒட்டும் மம்மி வடிவப் பைகள் இரண்டு வாங்கினோம். ஐந்து வருடமாக அவைதான். வாத்து இறகு அடைத்தது எடை குறைவு, சிறிதாகவும் சுருங்கும். ஆனால் நனைந்தால் இறகு கட்டிப்போய்ச் சூடு நிற்காது. மேல்மலையில் பனி கூடாரத்துக்குள்ளேயே சொட்டும் என்பதால் செயற்கைப் பஞ்சையே எடுத்தேன். ஒன்று 1.8 கிலோ. சுமக்கிறேன், வருத்தமில்லை.

பை நல்லதாக இருந்தும் முதல் இரவு முதுகு சில்லிட்டது. பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. நம் பாரத்தில் கீழ்ப்பக்கம் நசுங்கிவிட்டால் அங்கே காற்று ஏது? மார்கழியில் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் படுத்தால் அப்பத்தா விடமாட்டார்கள். "வெறுந்தரையில படுக்காதடா, குளிரு கீழேருந்துதான் ஏறும்" என்று ஜமுக்காளத்தை உதறி விரிப்பார்கள். அதே விஷயம்தான். இப்போது ஆளுக்கு இரண்டு ஃபோம் பாய், ஒன்றன்மேல் ஒன்று. ஆர்-வேல்யூ என்பது பாய் தரைக்குளிரைத் தடுக்கும் அளவு. அடுக்கினால் இரண்டு பாயின் அளவும் கூடிக்கொள்ளும், எனவே இரண்டு சாதாரணப் பாய் ஒரு விலையுயர்ந்த பாயின் வேலையைச் செய்கிறது. அப்புறம், குளிருக்குப் பயந்து பைக்குள் முகத்தைப் புதைக்காதீர்கள். மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கிவிடும்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதும் எடுத்துப் போனேன். சமவெளியில் அது மிகைச் சூடு. ஜிப்பை முழுக்கத் திறந்து போர்வையாகப் போட்டுக்கொண்டேன். பனியில் மேல்துணி நனைந்தாலும் மதிய வெயிலில் காய்ந்துவிட்டது.

வருடம் ஒருமுறை சித்திரையில் துவைப்பேன். கல்யாணத்துக்கு எடுக்கும் பித்தளை அண்டாவில் மிதமான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி, இரு கையாலும் அடியில் தாங்கித் தூக்குவேன். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈரப் பாரத்தில் உள்தையல் விட்டுவிடும். வளவு முற்றத்தில் பாய்போட்டு இரண்டு நாள் காயவைப்பேன். ஊர் திரும்பியதும் சுருட்டியபடி விடாமல், மாடி அறைக் கொடியில் தளர்வாகப் போட்டுவைக்கிறேன்.

இப்போது கால்பக்கம் பஞ்சு கொஞ்சம் மெலிந்துவிட்டது. போன தையில் எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றிக் காலடியில் வைத்துப் படுத்தோம். மனைவி விடியும்வரை எழவில்லை.