டிரத்தோரியா தே லி அமிச்சி, ரோம்: சாப்பாடும் அருமை, அந்த இடத்தோட கதை அதைவிடப் பெருசு

ரோமுக்கு திருயாத்திரை போறவங்களுக்கு டூர்காரங்க காட்டுறது பேதுரு பேராலயம், கொலோசியம், பெரிய பசிலிக்காக்கள், அவ்ளோதான், டைபர் ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்குற டிராஸ்டெவெரேவுக்கு பஸ் திரும்புறதே இல்ல. நீங்களே போயிருங்க. பியாட்சா வெனேட்சியாங்கற சதுக்கத்துல 8ஆம் நம்பர் டிராம் ஏறுனா கொஞ்ச நேரத்துல ஆத்தைத் தாண்டிரும், இறங்கி கல்லு பாவுன சந்துல நடந்தா பியாட்சா சாந்த் எஜீதியோ வரும், இந்த ஹோட்டல் அங்கதான் இருக்கு.

இதை நடத்துறவங்க சாந்த் எஜீதியோங்கற கத்தோலிக்க பொதுநிலையினர் (குருக்களோ கன்னியரோ இல்லாத சாதாரண விசுவாசிங்க) இயக்கத்துக்காரங்க. மாற்றுத்திறனாளிங்க இங்க வேலை பாக்குறாங்க, சும்மா பேருக்கு நிக்க வைக்கல, ஆர்டர் எடுக்குறதுலருந்து பரிமாறுறது வரைக்கும் அவங்கதான். எங்க டேபிளுக்கு வந்தவர் நாங்க சொன்னதை நிதானமா திருப்பிச் சொல்லி சரியான்னு கேட்டுட்டுத்தான் உள்ள போனார், அந்த கவனிப்பு எனக்கு ரொம்ப பிடிச்சது. காச்சோ எ பெபே வாங்கினோம், செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் போட்ட ரோம் ஊர் பாஸ்தா, மிளகு தூக்கலா இருக்கறதால நம்ம நாக்குக்கு நல்லா ஒத்துப்போகுது. பாஸ்தா கொஞ்சம் விறைப்பா இருக்கும், வேகலன்னு நினைக்காதீங்க, அங்க அப்படித்தான் சாப்பிடுவாங்க.

நான் இவ்ளோ ஆர்வமா எழுதறதுக்கு காரணம் இந்த இயக்கத்தோட பழைய கன்னியர் மடத்துல நடந்த ஒரு விஷயம். ஆப்பிரிக்காவுல இருக்குற மொசாம்பிக் நாட்டுல 1977லருந்து 1992 வரைக்கும் உள்நாட்டுச் சண்டை, ஃப்ரெலிமோ அரசாங்கம் ஒருபக்கம், ரெனாமோ படை இன்னொரு பக்கம், சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனாங்கன்னு கணக்கு சொல்றாங்க. அந்த ரெண்டு தரப்பும் 1990 ஜூலைல இங்க வந்து ஒரே மேஜைல உக்காந்தாங்க. நடுவுல இருந்து பேசினவங்க நாலு பேர், இயக்கத்தை 1968ல ஸ்கூல் பையனா இருக்கும்போதே ஆரம்பிச்ச அந்திரேயா ரிக்கார்தி, மத்தேயோ சுப்பிங்கற சாமியார், மொசாம்பிக்ல பெய்ரா நகரத்துப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், அப்புறம் இத்தாலி அரசாங்கம் அனுப்பின மாரியோ ரஃபாயெல்லி. 27 மாசம் பேச்சு நடந்துச்சு, நடுவுல எத்தனையோ தடவை முறியிற மாதிரி ஆகியும் விடல, 1992 அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் அன்னைக்கு ஜனாதிபதி சிசானோவும் ரெனாமோ தலைவர் த்லாகாமாவும் கையெழுத்து போட்டாங்க.

இந்த இயக்கத்துக்கிட்ட படை கிடையாது, மிரட்டவோ விலைக்கு வாங்கவோ பணமும் கிடையாது. ஆனா பேச்சுக்கு ரொம்ப முன்னாடியே அந்த நாட்டுச் சனங்களுக்கு சாப்பாடும் மருந்தும் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, பேராயர் கொன்சால்வெஸ் அவங்களுக்கு பழைய சிநேகிதர், அதனாலதான் ரெண்டு பக்கமும் நம்பி வந்தாங்க. சமாதானம் பண்ணணும்னு நினைக்கிற தலைவருக்கு இதுதான் முதல் தகுதின்னு நான் நம்புறேன், கேமரா வர்றதுக்கு முன்னாடியே அந்தச் சனங்களோட கஷ்டத்துல கூட நின்னிருக்கணும். யார் முதல்ல சுட்டதுங்கற கேள்வியை எடுத்தவுடனே கிளப்பல, முதல் கூட்டறிக்கையில ரெண்டு தரப்பும் நாங்க ஒரே மொசாம்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவங்கன்னு ஒத்துக்கிட்டாங்க, மத்ததெல்லாம் அதுக்கு மேலதான் கட்டுனாங்க.

ரெனாமோ மேல பயங்கரமான குற்றச்சாட்டெல்லாம் இருந்துச்சு, ஊர் ஊரா கொன்னது, சின்னப் பசங்களைப் பிடிச்சுட்டுப் போய் சண்டைக்கு விட்டது. அப்படிப்பட்டவங்கள மரியாதையா வரவேற்கலாமான்னு கேக்கறது நியாயமான கேள்விதான். ஆனா சனங்களை ஏமாத்தி வரி வசூலிச்ச சக்கேயு வீட்டுக்கு இயேசு போனதை நினைச்சுப் பாருங்க, திருந்திட்டு வா அப்புறம் வர்றேன்னு அவர் சொல்லல, இன்னைக்கு உன் வீட்டுல தங்கணும்னு சொன்னார், அதுக்கப்புறம்தான் சக்கேயு எந்திரிச்சு பாதி சொத்து ஏழைகளுக்கு, ஏமாத்தினதுக்கு நாலு மடங்குன்னு சொன்னான். ரோம்ல நடந்தது அந்த முதல் பாதி, அதை அழகா செஞ்சாங்க. ரெண்டாவது பாதி மொசாம்பிக்ல நடக்கலன்னுதான் எனக்குத் தோணுது. 1992லயே பொதுமன்னிப்பு குடுத்துட்டாங்க, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சிக் கொடுமைகளைப் பத்தி பேராயர் டூட்டு தலைமையில 1996ல பாதிக்கப்பட்டவங்களே ஊரறிய பேசின மாதிரி அங்க ஒரு ஆணையம் வரவே இல்ல. 1994 தேர்தல் நடந்துச்சு, தோத்த த்லாகாமா பார்லிமென்ட் அரசியலுக்கு வந்தார், சமாதானம் 20 வருஷம் கிட்ட தாங்குச்சு, அதுவே பெரிய விஷயம், ஆனா 2013ல ரெனாமோகாரங்க திரும்பவும் துப்பாக்கி எடுத்தாங்க, 2019ல மறுபடி ஒரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்துச்சு. மன்னிப்பு குடுக்கச் சொல்ற தலைவர் இழந்தவங்களுக்கு ஈடு செய்யவும் சொல்லணும், அந்த ரெண்டும் ஒரே சுவிசேஷத்துலதான் இருக்கு, கிறிஸ்தவத் தலைவருங்க பல பேர் முதல்லத மட்டும் பிரசங்கம் பண்றது எனக்கு வருத்தமா இருக்கு.

அன்னைக்கு நடுவுல இருந்த சுப்பி சாமியார் இப்ப இத்தாலியில பொலோஞா நகரத்து கர்தினால், 2023ல உக்ரைன் போர் விஷயமா சமாதானம் பேச போப் பிரான்சிஸ் அவரைத்தான் கீவுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்பினார்.

போறவங்களுக்கு ஒரு யோசனை. சாயங்காலமே போயிருங்க, கொஞ்சம் நடந்தா சாந்தா மரியா இன் டிராஸ்டெவெரே பசிலிக்கா, மாதா வாழ்க்கையைச் சொல்ற கவல்லினியோட மொசைக் ஓவியம் அங்க இருக்கு, இந்த இயக்கத்துக்காரங்க மாலை ஜெபம் பண்றதும் அங்கதான், யார் வேணா போய் உக்காரலாம். அதை முடிச்சுட்டு சாப்பிட வாங்க. அந்த ஏரியாவுல ராத்திரி கூட்டம் அள்ளும், டேபிள் முன்னாடியே புக் பண்ணிருங்க, குரூப்பா போறீங்கன்னா எத்தனை பேர்னு கண்டிப்பா சொல்லிருங்க. என் மார்க் 5க்கு 5.