வீட்டு போனை அடாப்டரில் ஓட்டி நாலு வருஷம்: டர்பன் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவுக்கு வந்த டெலிபோன் செம்புக் கம்பி 2021-ல் இரண்டாவது தடவை திருடு போனது. அதோடு லைன் திரும்ப வரவே இல்லை. அம்மாவுக்குக் காது மந்தம், தொடுதிரையும் பழகவில்லை. பெரிய பட்டன் வைத்த பழைய போன்தான் வேண்டும் என்றார். சரி, போன் அப்படியே இருக்கட்டும், லைனை மட்டும் இணையத்துக்கு மாற்றுவோம் என்று, பழைய போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர் ஒன்று வாங்கினேன்.

உள்ளங்கை அளவுப் பெட்டி. ஒரு பக்கம் ரவுட்டரிலிருந்து கேபிள், மறுபக்கம் போன் வயர். டயல் டோன், மணி அடிக்கத் தேவையான மின்சாரம் எல்லாம் அதுவே போனுக்குக் கொடுத்துவிடும். டர்பன் பகுதிக்கான 031-ல் தொடங்கும் எங்கள் பழைய நம்பரைப் புதிய சேவைக்கு மாற்ற முடிந்தது பெரிய நிம்மதி.

முதல் வாரமே சிக்கல். திருநெல்வேலியில் இருக்கும் பெரியம்மாவுக்கு 0091 சேர்த்து 14 எண்களை அம்மா அழுத்துவார். அப்புறம் சில நொடி ஒரு சத்தமும் வராது. "போன் செத்துப்போச்சுடா" என்று வைத்துவிடுவார். இன்னும் எண் வருமோ என்று அடாப்டர் காத்திருப்பதுதான் காரணம். கடைசியில் ஹேஷ் பட்டனை அழுத்தினால் உடனே போகும், ஆனால் அம்மாவுக்கு அது நினைவில் நிற்கவில்லை. அடாப்டரின் டயல் பிளானில், அதாவது எத்தனை எண் வந்ததும் அழைக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பில், 0091-க்குப் பின் 10 எண் வந்ததும் அழைத்துவிடு என்று எழுதி வைத்தேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

அடுத்தது, நாங்கள் பேசுவது பெரியம்மாவுக்குக் கேட்கும், அவர் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அடாப்டரே பழுது என்று திருப்பிக் கொடுக்க இருந்தேன். இணைய அழைப்புத் தகவலை ரவுட்டர் நடுவில் புகுந்து மாற்றும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதியை அணைத்ததும் சரியாகிவிட்டது. இந்தத் தொந்தரவு உங்களுக்கு வந்தால் முதலில் அங்கேதான் பாருங்கள்.

பேச்சு ஜி.711 என்ற, குரலை டிஜிட்டலாக்கும் முறையில் போகிறது. ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவு, எங்கள் ஃபைபர் இணையத்துக்கு இது ஒன்றுமே இல்லை. குரல் பழைய லைனை விடத் தெளிவு என்றே சொல்வேன்.

உண்மையான சோதனை மின்வெட்டுதான். செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், வீடு இருட்டானாலும் போன் பேசும். இங்கே அப்படி இல்லை. 2023-ல் லோட் ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் பல தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் போன் ஊமையாகிவிடும். சின்ன யுபிஎஸ் வாங்கி ரவுட்டரையும் அடாப்டரையும் மாட்டினேன், அப்போதும் லைன் வரவில்லை. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கரன்ட் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றையும் மாட்டிய பிறகு கரன்ட் போனாலும் அம்மா பேச்சு அறுவதில்லை. ஆனால் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் போலீஸ் அவசர எண்ணான 10111-க்குக்கூட அழைக்க முடியாது. வயதானவர் தனியாக இருக்கும் வீடு என்றால் சார்ஜ் போட்ட கைப்பேசி ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

போன் லைனில் டயல் செய்யும் பழைய அலாரம் பெட்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம். சுழற்றி டயல் செய்யும் போனைப் பல அடாப்டர்கள் ஏற்பதில்லை, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் இங்கே நாலு மணி, திருநெல்வேலியில் ஏழரை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். யுபிஎஸ் பேட்டரியை இந்த வருஷம் மாற்றினேன். அடாப்டர் முதலில் வாங்கியதேதான்.