மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கோணேசர் மலை

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ஒருநாள் வான் பயணம் ஒழுங்கு செய்து தரும் ஆக்கள் இப்ப எக்கச்சக்கம். எங்களுக்கு வந்த வான் நல்ல வான், ஏசி வேலை செய்தது, சாரதித் தம்பி மரியாதையானவர். அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அந்த வான் எங்களைச் சிவன் கோயில் இருக்கும் கோணேசர் மலை அடியில் இறக்கிவிட்ட நேரத்தைப் பற்றித்தான். ஆடி மாதம், மத்தியானம் பன்னிரண்டரை. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனால் நடை சாத்தியாகிவிட்டது. கீழே கால் வைக்க இயலாத சூடு.

மத்தியானப் பூசை முடிந்தால் நடை சாத்தும், பின்னேரம் நாலு மணி போலத்தான் திறக்கும் என்பது ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த நாளில் கோணேசருக்குப் போகிறதென்றால் முதல்நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிய முழுகிவிட்டு ஏறுவார்கள். இப்ப நேரத்தை வகுப்பது பயணம் விற்பவர். அவர் கணக்கு கிலோமீற்றர்க் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 235 கிலோமீற்றர். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நிற்பதோடு ஐந்து மணித்தியாலம். காலமை ஏழரைக்கு வெளிக்கிட்டால் பன்னிரண்டரைக்குத்தான் போய்ச் சேரலாம். இதில் தற்செயல் ஒன்றுமில்லை. ஏழரைக்கு வெளிக்கிடும் வான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளும் சனத்தை அதே உச்சி வெயிலில் வெறுங்காலோடு அங்கே விடும்.

கால் சுடுவது ஒரு முறைப்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. வானில் வந்த ஒரு அம்மாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழல் தேடியபோது அவர் மட்டும் “எனக்கொண்டும் சுடேல்லை பிள்ளை” என்று ஆறுதலாக நடந்து வந்தார். இரவு திரும்பி வந்து கால் கழுவும்போதுதான் பார்த்தோம். வலது பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம், இடது குதிகாலில் இன்னொன்று, தோல் ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தது. அப்போதும் அவருக்கு நோகவில்லை.

நீரிழிவு நெடுங்காலம் இருந்தால் பாதத்து நரம்பு உணர்ச்சி குறையும். சூடு என்று மூளைக்குச் சொல்ல ஆளில்லை, கால் அங்கேயே நிற்கும். தோலில் 50 பாகை செல்சியஸ் சூடு சில நிமிடம் பட்டாலே புண் வரும். 60 பாகை என்றால் சில செக்கன் காணும். நேர் வெயிலில் கிடக்கும் கொங்கிறீற்றும் கருங்கல்லும் தாரும் உச்சி நேரத்தில் 50ஐத் தாண்டுவது சாதாரணம். ஊரில் வெறுங்காலோடு திரிபவர்களுக்குப் பாதத்தோல் தடித்திருக்கும். கனடாவிலிருந்து வருபவருக்கு, வருடம் முழுக்கச் சப்பாத்துக்குள் இருக்கும் கால் குழந்தைப்பிள்ளைத் தோல் மாதிரி. அதோடு காலுக்கான இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகும், கிருமி ஏறும், விரல் எடுக்கிற நிலைக்கும் போகும். நம் பெற்றோர் வயதில் சீனி வருத்தம் இல்லாதவர் எத்தனை பேர்? இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

செய்ய வேண்டியது இது. சீனி வருத்தம் உள்ளவர் பத்து மணிக்குப் பிறகும் நாலரைக்கு முன்னும் வெறுங்காலோடு வெளிவீதியில் நடக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் தடித்த பருத்திக் காலுறை இரண்டு சோடி போடலாமா என்று செருப்பு வைக்கும் இடத்தில் கேளுங்கள். வருத்தக்காரர் என்றால் மறுப்பவர் குறைவு. ஈரக் காலுறை வேண்டாம், ஈரம் சூட்டை வேகமாகத் தோலுக்குக் கடத்தும். வெள்ளை பூசிய நிலம் இருந்தால் அதில் நடவுங்கள், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். போகுமுன் நிலத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள்: ஐந்து செக்கன் வைக்க முடியாவிட்டால் அது நடக்கிற நிலமில்லை. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வைத்தியரிடம். நோகவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இரவில் இரண்டு பாதத்தின் அடியையும் இன்னொருவர் பார்க்க வேண்டும்.

நேரத்தைச் சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்கு மலைக்குப் போவது. மற்றது எனக்குப் பிடித்தது: வழமைபோல் வெளிக்கிட்டு, திருகோணமலையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு ஆறி, நாலரைக்கு மலை ஏறுவது. நிலமும் ஆறத் தொடங்கியிருக்கும், நடையும் திறந்திருக்கும். மலையின் செங்குத்துப் பக்கம் கிழக்கே கடலைப் பார்க்கிறது; பின்னேரத்தில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், கண் கூசாமல் அடி வரை தெரியும். பங்குனி, சித்திரையில் போனால் தூரக் கடலில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைக்கூட அங்கிருந்தே பார்க்கலாம். இரவு அங்கே தங்க வேண்டிவரும், வான்காரர் சாரதிக்குத் தங்கும் படி கேட்பார். கொடுங்கள். அது சரியான செலவு.

இனி மலை விளிம்பு. டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கட சனத்துக்கு பிளஃப்ஸ் என்ற செங்குத்துக் கரை தெரியும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீற்றர் வரை. அங்கே ஆபத்து நிலத்தில்: களியும் மணலும், விளிம்பு தானாகவே சரியும். அதனால் வேலி விளிம்பிலிருந்து தள்ளி இருக்கும், தாண்டினால் தண்டம். சுவாமி மலை, அதாவது கோணேசர் மலை, அப்படியில்லை. கெட்டிப் பாறை, கடலிலிருந்து 300 அடிக்கு மேல், நேரே இறங்குகிறது. பாறை சரியாது, கால்தான் வழுக்கும், காற்றுத்தான் தள்ளும். இந்த வித்தியாசம் தெரியாமல் “இது உறுதியான கல்தானே” என்று கம்பிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறார்கள்.

மலைப் பாறையில் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டுப் பக்கம் இதைக் கவனியுங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும், ஆனி முதல் ஆவணி வரை பலம். அது நிற்பவரை விளிம்புப் பக்கமாகத் தள்ளும். தோளில் சால்வை, சீலை முந்தானை, விரித்த குடை எல்லாம் பாய்மர வேலை செய்யும். குடையை மடக்குங்கள், முந்தானையைச் செருகுங்கள். கம்பியில் பிள்ளையை இருத்திப் படம் எடுக்காதீர்கள். கைபேசி விழுந்தால் விழுந்ததுதான், எட்டிப் பிடிக்கப் போக வேண்டாம். மழை பெய்து ஈரமான பாறையில் வெறுங்காலும் வழுக்கும். கீழிருந்து ஏறிவந்த காலில் மணல் ஒட்டியிருந்தால் அதுவே உருளை. தட்டிவிட்டு நடவுங்கள்.

மலையடிக் கடலில் போர்த்துக்கேயர் 1624இல் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் சுழியோடிப் பார்த்த இடம். இதைக் கேட்டதும் நீச்சல் தெரிந்த பொடியள் முகமூடியோடு இறங்க ஆசைப்படுவார்கள். மலையில் மோதித் திரும்பும் அலை ஆளைப் பாறையில் அடிக்கும். உள்ளூர்ச் சுழியோடிகளும் படகும் இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம். மலைக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். அங்கே திரியும் மான்களுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள், பையையும் சேர்த்துத் தின்னும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வவுனியாவிலிருந்து வரும் வழியிலேயே, நகரத்துக்கு எட்டுக் கிலோமீற்றர் முன்னால். ஏழு கிணறு, ஏழிலும் சூடு வேறு. இறங்கிக் குளிக்கிற இடமில்லை, அள்ளி ஊற்றுவது. கையால் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்ததில் தொடங்குங்கள். பிரஷர்க் குளிசை போடுபவர் நாலைந்து வாளியோடு நிறுத்தி நிழலில் இருக்க வேண்டும். சுடுதண்ணீர் இரத்தக் குழாயை விரிக்கும், எழும்பும்போது தலை சுற்றும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் காலில் ஊற்றுமுன் வேறொருவர் கையால் பார்க்கட்டும்.

இனி யாழ்ப்பாணத்தின் வடகரையில் ஊற்றுத் தண்ணீர்க் கேணி இருக்கும் கீரிமலைக்கு வருகிறேன். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது அந்தக் கேணியில் ஓடிவந்து குதித்தவர்களுக்கு இன்று ஐம்பது வயது. இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வருடக்கணக்காய்ப் போகவே முடியாமல் இருந்த இடம். திரும்பி வந்து படியில் நிற்கும்போது மனசு பதினைந்து வயசுக்குப் போய்விடும், முழங்கால் போகாது. நகுலேஸ்வரம் கோயில் பக்கத்தில், கடல் சுவருக்கு அப்பால் அடித்துக்கொண்டிருக்க, இப்பால் அந்த நல்ல தண்ணீர். டொராண்டோவில் எந்தக் குளோரின் தடாகமும் அதற்குக் கிட்ட வராது.

வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லில் விழும் மழை வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து, கடற்கரையில் ஊற்றாய் வருகிறது. அதனால் கேணியின் மட்டமும் கடலின் ஏற்ற இறக்கத்தோடு கொஞ்சம் ஏறி இறங்கும். தண்ணீரின் விளிம்பில் ஒரு நேரம் நனைந்து ஒரு நேரம் காயும் படிகளில்தான் பாசி அதிகம் பிடிக்கிறது. மேற்படி காய்ந்து சொரசொரப்பாக இருக்கும், அதே நம்பிக்கையோடு அடுத்த படியில் கால் வைத்தால் பின்மண்டை கல்லில். நின்றபடி இறங்காதீர்கள். காய்ந்த படியில் குந்தியிருந்து, பின்பக்கம் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இரண்டு கையும் மேற்படியில் ஊன்றி ஒவ்வொரு காலாய் இறக்குங்கள். இறப்பர்ச் செருப்பு பாசியில் பிடிக்காது. சவர்க்காரமும் ஷாம்புவும் கேணிக்குள் வேண்டவே வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வரும் கிழவருக்கு அந்தப் படி எமன்.

வெளிநாட்டில் நீந்தப் பழகிய பிள்ளைகளுக்குத் தனி ஆபத்து உண்டு. அங்கே சுவரில் ஆழம் எழுதியிருக்கும், அடி சமமாக இருக்கும், உயிர்காப்பவர் நாற்காலியில் இருப்பார். இங்கே பிள்ளை கண்ணை நம்பும். தெளிந்த தண்ணீரில் நேரே கீழே பார்த்தால் உண்மை ஆழத்தின் முக்கால் பங்குதான் தெரியும். மூன்றடி என்று தெரிவது நாலடி, ஆறடி என்று தெரிவது எட்டடி. அடியில் கல்லும் சமமில்லை. சுவரில் ஏறித் தலைகீழாகப் பாயும் உள்ளூர்ப் பொடியளுக்கு எந்த இடத்தில் என்ன கல் என்று தெரியும். அவர்களைப் பார்த்து உங்கள் பிள்ளையும் பாய்ந்தால் கழுத்தெலும்பு போகும். முதலில் படியால் இறங்கிக் காலால் தடவி அறியட்டும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு கேணி, இடையில் மறைப்பு. தாய் தனியே எட்டு, ஒன்பது வயது மகனோடு போனால் அவனை மற்றப் பக்கம் யாரோ ஒருவரை நம்பித்தான் விட வேண்டிவரும். பெரிய ஆண் துணை ஒருவரோடு போங்கள், இல்லையென்றால் மகனைப் படியோடு நிறுத்துங்கள். பெண்கள் உடுப்போடுதான் முழுகுவது. பாவாடையோ நீளச் சட்டையோ நனைந்தால் காலைச் சுற்றும். ஒட்டிய காற்சட்டையும் ரீசேட்டும் பாதுகாப்பு.

வருகிற காலமும் முக்கியம். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று தரைப் பக்கமிருந்து வீசுவதால் வடக்குக் கடல் அடங்கியிருக்கும். ஆனால் ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்தில் படி முழுக்க எண்ணெயும் எள்ளும் பூவும். கடமை இருப்பவர் விடியவே போய்ச் செய்துவிட்டு ஏறுங்கள், பிள்ளைகளை வேறொரு நாள் கூட்டிப் போகலாம். கிறிஸ்மஸ் லீவுக்கு வருபவர்களுக்கு நேர்மாறு: வாடைக்காற்றில் அலை கரைச் சுவரில் மோதித் தெறிக்கும். அந்த நாட்களில் சுவருக்கு அப்பால் முருகைக்கல் மேல் நின்று படம் எடுக்க வேண்டாம். பத்து அலை சின்னதாக வரும், பதினோராவது இடுப்புக்கு வரும். முருகைக்கல் வெட்டினால் உள்ளே தூள் நிற்கும். நல்ல தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசி எப்போது போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. விழுந்து கழுத்து நோகிறது என்றால் ஓட்டோவில் தூக்கிப் போடாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். இலவச அம்புலன்ஸ், தமிழிலும் கதைக்கலாம். பொலிசுக்கு 119.

வான் பிடிக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்க வேண்டியவை: மலையடியில் இறக்கும் நேரம் காலை ஒன்பதுக்கு முன்னா, பின்னேரம் நாலரைக்குப் பின்னா, காத்திருப்புக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, சாரதியின் தங்கும் படி எவ்வளவு, வானில் முதலுதவிப் பெட்டியும் ஐந்து லீற்றர் தண்ணீரும் இருக்குமா. முழுக் காசையும் முன்னே கொடுக்காதீர்கள், பாதி போதும். “எல்லாம் பாக்கலாம் அண்ணை” என்று பதில் வந்தால் நேரத்தை இலக்கத்தில் எழுதித் தரும்வரை அடுத்த ஆளோடு கதையுங்கள்.