பள்ளத்து கருமண்ணா, மேட்டு செம்மண்ணா? உறைபனி மாசத்துல எது தாங்கும்

ஊட்டி பக்கம் காய்கறி போட நிலம் குத்தகைக்கு தேடுறவங்க முதல்ல கேக்குறது "தண்ணி நிக்குமா"ன்னுதான். அந்த ஒரு கேள்வி மட்டும்னா ஓடையோரத்து கருமண்ணுதான் ஜெயிக்கும். ஆனா நீர்போகத்துக்கு (தண்ணி பாய்ச்சி எடுக்குற போகம்) ஜனவரியில உருளைக்கிழங்கு ஊன்றவங்களுக்கு அது பத்தாதுங்க. மண்ணுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்குறத விட, அந்த தண்ணிய மண்ணு எவ்வளவு இறுக்கி புடிச்சிருக்குன்னு பாக்கணும், ஏன்னா வேருக்கு கிடைக்கிறது அத பொறுத்துதான்.

மண்ணு காயும்போது பெரிய இடுக்குல இருக்குற தண்ணி முதல்ல போகும், அப்புறம் சின்ன இடுக்கு, கடைசியா களிமண் துகள ஒட்டிக்கிட்டு இருக்குற மெல்லிய படலம். போகப்போக மிச்சம் இருக்குறது இறுகிக்கிட்டே வரும், சுமார் 15 பார் (அழுத்தத்த அளக்குற அலகு) அளவுக்கு இறுகிட்டா பெரும்பாலான பயிர் அதுக்கு மேல உறிஞ்ச முடியாம வாடிடும். உறையுறதும் இதே வரிசைதான்! பெரிய இடுக்கு தண்ணி பூஜ்யத்துக்கு கொஞ்சம் கீழ போனதுமே ஐஸ் ஆயிடும், சின்ன இடுக்குல இருக்குறது மைனஸ்லயும் தண்ணியாவே நிக்கும். பூஜ்யத்துக்கு கீழ ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 12 பார் இறுக்கம் கூடுது. அப்படின்னா மைனஸ் 1.25 டிகிரிக்கு வந்த மண்ணுல, உறையாம மிச்சம் இருக்குற தண்ணி காஞ்சு வாடல் நிலைக்கு போன மண்ணுல இருக்குற அதே இறுக்கத்துல இருக்கு. வயல விட்டு ஒரு சொட்டு வெளிய போகல, ஆனா அந்த மேல் மண்ணுல இருக்குற வேருக்கு அது வறட்சி. கூப்மன்ஸ், மில்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1966-ல மண்ணு காயும்போது தண்ணி குறையுறத காட்டுற வரைபடத்தையும், உறையும்போது குறையுறத காட்டுற வரைபடத்தையும் ஒப்பிட்டு, மண்ணோட தன்மைக்கு ஏத்த மாதிரி கணக்க சரி பண்ணா ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு வந்து உக்காருதுன்னு காட்டினாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப புடிச்ச இடம் இதுதான்.

ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காஞ்சா தண்ணி காத்தோட போயிடும், உறைஞ்சா கீழ இருக்குற ஈரத்த ஐஸ் மேல இழுக்கும். ஈர மண்ணுல காலையில மேல ஊசி ஊசியா ஐஸ் கெளம்பி மண் பொருக்க தூக்கிக்கிட்டு நிக்கும், சின்ன நாத்து இருந்தா வேரோட அசைச்சு விட்டுடும், வெயில் பட்டதும் மேல சகதி, அதுக்கு கீழ முந்தின நாள விட காஞ்ச மண்ணு. நம்ம மலையில ஆழமா உறையாது, மேல் தோல் மட்டும்தான், அதனால அடி வாங்குறது இளம் பயிருதான்.

இப்ப கருமண்ணுக்கு வர்றேன். பள்ளத்துல மக்கியும் மக்காமலும் செடி கழிவு சேந்து சேந்து உருவானது, ஊட்டி பக்கத்து சாண்டிநல்லா சதுப்புல எல்லாம் 20 ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசான அடுக்கு இருக்கு. கையில எடுத்து பிழிஞ்சா பழுப்பா தண்ணி சொட்டும், தன் எடைய போல பல மடங்கு தண்ணி வச்சிருக்கும். ஆனா அதோட மேல் பாகம் காஞ்சா நிலைமை தலைகீழ். காஞ்ச கருமண்ணு கம்பளி மாதிரி, பகல்ல வாங்குன சூட்ட கீழ இறக்காது, ராத்திரி கீழ இருக்குற சூட்ட மேலயும் விடாது. அதனால அது மேல இருக்குற பயிரு பக்கத்து செம்மண்ணுல இருக்குறத விட குளிரும். ரொம்ப காஞ்சு போனா தண்ணி ஊத்துனாகூட முத்து முத்தா உருண்டு ஓடும், உள்ள இறங்காது. இது போதாதுன்னு குளிர்காத்து கனமானது, சரிவுல இறங்கி பள்ளத்துலதான் தேங்கும். தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையா கெடக்குற அன்னைக்கு மேல சரிவுல ஒண்ணுமே இருக்காது, பாத்தவங்களுக்கு தெரியும்.

செம்மண்ணுல தண்ணி கம்மி, சரிவுல மழை ஓடிடும், புடிச்சு வச்ச ஈரத்துலயும் ஒரு பங்கு களிமண்ணுல இறுகிப்போய் பயிருக்கு ஆகாது. இருந்தாலும் இரும்புச்சத்து ஒட்டி மணி மணியா இருக்குறதால வேரு நல்லா ஓடும், ஈரமா இருந்தா பகல் சூட்ட உள்ள வாங்கி ராத்திரி திருப்பி கொடுக்கும். தொழு உரம் நல்லா கொட்டி, மட்டம் கட்டி, குறுக்கு வாக்குல பாத்தி போட்டா அதோட பெரிய குறை பாதி தீந்துடும். பள்ளத்துல தேங்குற குளிர எந்த உரமும் தீக்காது. அதனால என் ஓட்டு பனி மாசத்துக்கு செம்மண்ணுக்குத்தான், பனி போனப்புறம் மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு கருமண்ணு.

அடுத்த போட்டி மூடாக்கா (காஞ்ச புல்லு, சருகால தரைய மூடுறது), வெறும் ஈர மண்ணா. பகல்ல ஈரம் காக்க மூடாக்குதான் நல்லது, ஆனா பனி விழுற ராத்திரி தரைய காஞ்ச புல்லு போட்டு மூடுனா மண்ணோட சூடு இலைக்கு வராது. டிசம்பர், ஜனவரியில வரிசைக்கு நடுவுல இருக்குற புல்ல ஒதுக்கி வச்சிட்டு, காலையில வெயில் ஏறும்போதே தண்ணி பாய்ச்சி பகல் சூட்ட மண்ணுக்குள்ள ஏத்துங்க. சாயங்காலம் இலை நனைய அடிக்காதீங்க, அந்த ஈரம் ஆவியாகி இலைய இன்னும் குளிர வைக்கும். ஒரு லிட்டர் தண்ணி உறையும்போது விடுற சூடு, அதே தண்ணி 80 டிகிரியில இருந்து பூஜ்யத்துக்கு ஆறும்போது விடுற சூட்டுக்கு சமம், அதனாலதான் ஈர மண்ணு சட்டுனு மைனஸுக்குள்ள ஆழமா எறங்காது. காய்ச்சலும் பாய்ச்சலுமா (மண்ண காய விட்டு காய விட்டு தண்ணி கட்டுறது) விடுறதெல்லாம் பனி முடிஞ்சப்புறம் வச்சுக்கலாம். தேயிலைக்கு மேல தாகை (ஒரு வகை பெரணி செடி) போடுறது வேற கணக்கு, அது செடிக்கு மேல கூரை மாதிரி நின்னு கீழ இருந்து வர்ற சூட்ட வெளிய விடாம தடுத்து வைக்குது, அத தாராளமா பண்ணுங்க.

பள்ளத்து நிலம் மட்டும்தான் கையில இருக்குன்னா ஊன்றத ஜனவரி கடைசிக்கு தள்ளுங்க, கிழங்கு மண்ணுக்குள்ள இருந்து மொளைச்சு தல காட்ட சில வாரம் ஆகும், அதுக்குள்ள பனி குறைஞ்சிரும்.